முன்கண்ணாடியில் என் இடம்

ஒரு மென்பொருளைக் கற்றுக்கொண்டோமா இல்லையா என்பதைத் தலையிடம் கேட்கக் கூடாது. தலைக்கு எல்லாம் சீக்கிரம் புரிந்துவிடும். விரல்கள்தான் பழைய மென்பொருளிலேயே குடியிருந்துகொண்டு காலி செய்ய மறுக்கும். இதை எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் சொல்லித்தருவதில்லை. நான் இதைத் தெரிந்துகொண்டது கும்மிடிப்பூண்டியில், ஆயுத பூஜைக்கு முதல் நாள், ஒரு ஸ்டிக்கர் கடையில், என் நைனாவின் கண்ணெதிரில். (ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பா என்றால் நைனா.) உடன் சில ஆட்டோ டிரைவர்களும் இருந்தார்கள். எத்தனை பேர் என்பதை நான் முயற்சி செய்து மறந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு மெக்கானிக்கல் டிப்ளமோ முடிந்த புதிது. என்னைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. எதையும் முறைப்படி செய்கிறவள், பதறாதவள், காய்கறி வாங்கப் போனால்கூட மார்க்கெட்டில் கடைகள் இருக்கிற வரிசையிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போகிறவள். இப்படிப்பட்டவளுக்கு மூன்று மென்பொருள் ஒரு பொருட்டா?

முதலாவது ஆட்டோகேட். இயந்திர பாகங்கள் வரைவதற்காகப் பாலிடெக்னிக்கில் படித்தது. அதில் எல் என்று தட்டினால் கோடு வரும், சி என்று தட்டினால் வட்டம் வரும். பிறகு பொன்னேரியில் ஒரு சென்டரில் போட்டோஷாப் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே வட்டம் போடலாமென்று சி தட்டினேன். அது படத்தைக் கத்தரிக்கும் கருவியை எடுத்துக் கையில் கொடுத்தது. பயிற்சிக்குக் கொடுத்திருந்த கல்யாணப் போட்டோவிலிருந்து மாப்பிள்ளை வெளியே போய்விட்டார். மூன்றாவது, ஸ்டிக்கர் கடையில் கோரல் டிரா. அங்கே எல்லா எழுத்துகளையும் தேர்வு செய்துவிட்டு, அடியில் ஒரு கோடு போட எல் தட்டினேன். அத்தனை எழுத்தும், பஸ்ஸில் லேடீஸ் சீட் பக்கம் ஓடுவதுபோல இடது ஓரத்துக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

இவற்றையெல்லாம் நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பாடமாக எடுத்துக்கொண்டேன். எந்தப் பட்டன் எந்த மென்பொருளில் என்ன செய்யும் என்று ஓர் அட்டவணை தயாரித்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன். அம்மா அதன்மேல் காலண்டரை மாட்டினாள். ("ஆணி அங்கதான் கீது, நான் இன்னா பண்றது?")

ஸ்டிக்கர் கடைக்கு நான் போனதே தற்செயல்தான். தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற சாலையில் இருந்தது அது. கம்பெனிகளுக்கு எச்சரிக்கைப் பலகை, வண்டிகளுக்கு ஸ்டிக்கர். கடைக்காரர் பழவேற்காட்டுக்காரர். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிட்டது. வேலை கேட்கிற இடங்களில் காட்டுவதற்காக என் பழைய புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் புது அட்டை அச்சடிக்கப் போன இடத்தில் அவருடைய கட்டிங் மெஷினைப் பார்த்தேன். திரையில் வரைந்த எழுத்தை, ஊசிமுனை அளவுள்ள ஒரு கத்தி ஸ்டிக்கர் ரோலின்மேல் அப்படியே அறுத்துக்கொண்டு போயிற்று. மேலே இருக்கும் ஸ்டிக்கர் மட்டும் அறுபடும். அடியில் இருக்கும் தாளில் கீறல்கூட விழாது. இயந்திர வரைபடத்தில் அவ்வளவு நுட்பத்தை நான் காகிதத்தில்தான் பார்த்திருந்தேன். இங்கே அது நடந்துகொண்டிருந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த நான், மறுநாள் காலை திரும்பப் போய், வேலை கேட்டேன். பாய், "வந்து பாரும்மா, புடிச்சா இரு" என்றார்.

நைனாவுக்குப் பிடிக்கவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு மில்லுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்த வருஷம்தான் சொந்தமாகச் சின்ன லோடு வண்டி எடுத்திருந்தார். எல்லாரும் குட்டி யானை என்று சொல்கிற வண்டி. அதோடு, தெரிந்தவர்களிடம் பலமுறை நடந்து, ஒரு கம்பெனியின் டிராயிங் செக்ஷனில் எனக்கு இடமும் பிடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை நான் கம்பெனி பஸ் ஏற வேண்டும்.

"டிப்ளமோ படிச்சிட்டு ஸ்டிக்கர் ஒட்டப் போறியா? எதிர் ஊட்டு சேகரு எட்டாவதோட நின்னுட்டே ஒட்டிகினு கீறான்" என்றார்.

"ஒட்றது இல்ல நைனா. டிசைன்."

"டிசைன் பண்ணி இன்னா பண்ணுவாங்க?"

நான் யோசித்தேன். "ஒட்டுவாங்க."

அம்மாதான் நடுவில் வந்தாள். "வண்டிக்குப் பேரு போடணும்னு சொல்லிகினு இருந்தியே, அத்த அவளே போடட்டும். பாத்துட்டு அப்பறம் பேசு."

நைனா தீர்ப்பு மாதிரி சொன்னார்: "வெள்ளிக்கெழம சாயங்காலம் வண்டி சிறுவாபுரி கோவிலுக்கு பூஜைக்குப் போவுது. போறப்ப ரெண்டு பொண்ணு பேரும் முன்கண்ணாடில சோக்கா தெரியணும். தெரிஞ்சா பாய் கடை. தெரியலன்னா திங்கக்கெழம கம்பெனி பஸ்ஸு."

எதிரில் நின்று பார்த்தால் இடது பக்கம் மகேஸ்வரி, அது நான். நடுவில் ஒரு வேல். வலது பக்கம் என் தங்கை ரேவதி. முன்கண்ணாடியின் மேல் விளிம்பில், தங்க நிறத்தில்.

என் பெயரை நான் வரைந்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே மரியாதை வருகிறது. ம-வின் வயிற்றைச் சரிசெய்தேன். கே-யின் கொம்பை வளைத்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் நடுவில் வேல் ஒன்றை வைத்து, கடைசி ரி-யின் சுழியை அதன் அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் தேர்வு செய்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போட்டோஷாப்பில் பெரிதாக்க, கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு பிளஸ் தட்ட வேண்டும். விரல்கள் அதையே செய்தன. கடைக் கீபோர்டில் கண்ட்ரோல் பட்டன் ஸ்டிக்கர் பசை ஏறி, அழுந்தாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது; பிளஸ் மட்டும்தான் உள்ளே போயிற்று. படம் பெரிதாகவில்லை. திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதபோது ஒரு டிப்ளமோதாரி என்ன செய்வாள்? இன்னொரு தடவை தட்டுவாள். பிறகு அலுத்துப்போய் மவுஸால் பெரிதாக்கிக்கொள்வாள். அடுத்த திருத்தத்துக்கு விரல் மறுபடியும் பிளஸ்ஸுக்கே போகும்.

கம்ப்யூட்டர் மெதுவாகிக்கொண்டே போனது. "பழைய மெஷின், பாவம்" என்று நினைத்துக்கொண்டேன்.

ரேவதியின் பெயரை வெள்ளிக்கிழமை காலையில்தான் போட்டேன். பாய் அவசரப்படுத்தியதால் டைப் செய்ததோடு விட்டுவிட்டேன். அவள் பெயருக்கு அது போதும் என்று தோன்றியது.

அன்று கடை வாசலில் ஆட்டோக்களும் லோடு வண்டிகளும் வரிசையாக நின்றன. வருஷத்தில் பாய்க்கு அதுதான் பெரிய நாள். ராகு காலம் முடிந்ததும் நைனா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கழுவி, சந்தனம் வைத்து, வண்டி மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டே, "மகேசும்மா, வேற எதையும் தொடாத. அப்பாவோடது மட்டும் அறுத்து வெச்சிரு. நான் வந்து ஒட்டிக் குடுக்கறேன்" என்றார்.

மெஷினை ஓடவிட்டேன். அது வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தது. ரேவதி ஒரு நிமிடத்தில் அறுந்து முடிந்தாள், மிகச் சுத்தமாக. வேலும் வந்தது, வழக்கத்தைவிட ஓரிரு சுற்று அதிகம் சுற்றியதுபோல் இருந்தது. அப்புறம் கத்தி என் பெயருக்கு வந்தது. முதல் எழுத்தை அறுத்தது. மறுபடியும் அதே எழுத்தை அறுத்தது. மறுபடியும்.

வரிசையில் முதலில் இருந்த ஆட்டோ டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, மெஷினு ஒரே எடத்துல கோலம் போட்டுகினு கீது?"

நான் நிதானமாகத் திரும்பினேன். "ஃபினிஷிங்" என்றேன்.

நைனா அவரிடம் கம்பீரமாகச் சொன்னார்: "ஃபினிஷிங்காம்பா. டிப்ளமோ படிச்ச பொண்ணு."

அந்த வாக்கியத்தை அவர் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அதனாலேயே மெஷினை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து நடந்தவற்றை வரிசைப்படுத்திச் சொல்லலாம் என்றால், எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. கத்தியின் சத்தம் மாறியது. சரசரவென்று இருந்தது கரகரவென்று ஆனது. ஸ்டிக்கரை மட்டும் அறுக்க வேண்டிய கத்தி அடித்தாளையும் அறுத்துவிட்டு, மெஷினையே அறுக்க ஆரம்பித்திருந்தது. ம கழன்று தரையில் விழுந்தது. கே துண்டு துண்டாகக் கத்தியோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டது. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் காற்று மிச்சத்தைக் கிளப்பிவிட, தங்கத் துணுக்குகள் பறந்து, என் தலையில் கொஞ்சம், நைனாவின் புதுச் சட்டையில் கொஞ்சம், ஆட்டோ டிரைவரின் மீசையில் ஒன்று என்று உட்கார்ந்தன. அப்புறம் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். கத்தி முனை ஒடிந்துவிட்டது.

ஆட்டோ டிரைவர் மீசையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, பத்திரமாக என் மேசையில் வைத்தார். "உங்க ஃபினிஷிங்கு, அக்கா" என்றார்.

மெஷினை நிறுத்திவிட்டுத் திரைக்கு வந்தேன். என்னிடம் பிழை இருக்க முடியாது. எனவே மென்பொருளில்தான் இருக்க வேண்டும். ம-வை மவுஸால் பிடித்து ஓரமாக நகர்த்தினேன். நகர்ந்தது. ஆனால் பழைய இடத்திலும் ஒரு ம இருந்தது. அதையும் நகர்த்தினேன். அங்கே இன்னொரு ம. இன்னொன்று. இன்னொன்று. கோரல் டிராவில் பிளஸ் பட்டன் படத்தைப் பெரிதாக்காது. தேர்வு செய்து வைத்திருப்பதை, அச்சு அசலாக, மயிரிழை பிசகாமல், அதன்மேலேயே இன்னொரு நகல் எடுத்து வைக்கும். பார்க்க ஒன்றாகவே தெரியும். நானோ ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தேர்வு செய்துவிட்டுத் தட்டியிருக்கிறேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி... இதற்குமேல் கணக்குப் போட எனக்குத் தெரியும் என்பதுதான் அந்த நேரத்தில் பெரிய துன்பமாக இருந்தது.

நைனா என் தோளுக்குப் பின்னால் நின்று, திரை முழுவதும் ம-க்கள் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி மகேஸ்வரி கீது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியல நைனா. நெறைய."

"ரேவதி?"

"ஒண்ணுதான்."

"அது எப்படி?"

"அவ பேர நான் அவ்வளவா கவனிக்கல."

நைனா வெளியே போய், வண்டியின் முன்கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

பாய் திரும்பி வந்தார். தலையில் தொப்பி இன்னும் இருந்தது. மெஷினைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தார்.

"பிளேடா?"

"ஆமா பாய்."

"வேற பிளேடு கெடையாதே." உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "பேஜாராப் பூட்ச்சே. நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள ஒரு வருஷ ஃபினிஷிங்க முடிச்சிட்டியேம்மா." அதற்குள் அந்த வார்த்தை வாசல்வரை பரவியிருந்தது.

அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருக்கலாம். அவர் போனை எடுத்தார். பொன்னேரியில் தெரிந்த கடைக்காரரிடம் ஒரு பிளேடு இருந்தது. கொண்டுவர ஆள்தான் இல்லை. "நான் போய் எடுத்தாறேன் பாய்" என்று நைனா சொன்னார். கிளம்புவதற்கு முன், அறுந்தது வரைக்குமாவது இருக்கட்டும் என்று பாய் ரேவதியையும் வேலையும் அதனதன் இடத்தில் ஒட்டிவிட்டார். இடது பக்கம் எனக்காகக் காலியாக விடப்பட்டது. வண்டி தன் முதல் ஸ்டிக்கரோடு, என் தங்கை பெயரை நெற்றியில் சுமந்துகொண்டு, நான் ஒடித்த பிளேடுக்கு மாற்றுப் பிளேடு வாங்கப் பொன்னேரிக்குப் போயிற்று.

அவர் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நகல்களையெல்லாம் அழித்து, ஒரே ஒரு மகேஸ்வரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் தயாராக இருந்தேன். பாய் புது பிளேடை மாட்டிவிட்டு, "மொதல்ல உங்களது" என்றார்.

நைனா வாசலைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து காத்திருந்தவர்கள் யாருமே போகவில்லை. பூஜைக்குப் பெயர் இல்லாத வண்டியோடு யார் வீட்டுக்குப் போவார்கள்?

"இன்னாத்துக்கு? அவுங்கல்லாம் நிக்கறாங்க. அவுங்களுக்குப் போடு. கோவில் நட சாத்திடுவாங்க, நான் கெளம்பறேன்" என்றார்.

என்னை அவர் பார்க்கவில்லை. வண்டி என் பக்கமாக வளைந்து திரும்பிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வலது பக்கம் ரேவதி தங்கமாக மின்னினாள். இடது பக்கம் வானம் தெரிந்தது. நிபந்தனை மிகத் தெளிவானது. இரண்டு பெயரும் தெரிய வேண்டும். கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு வரும் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்வது? வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொன்றாக அறுத்துக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தையும் மவுஸால் நகர்த்தி, அடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான்.

நான் வீட்டுக்குப் போனபோது நைனா கோவிலிலிருந்து திரும்பியிருந்தார். ரேவதி தெருவில் நின்று, வண்டியை முன்னாலிருந்தும் சற்றுத் தள்ளியிருந்தும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சூப்பரா பண்ணிகீற அக்கா" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளே நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலை நிமிராமல், "திங்கக்கெழம பஸ் ஏறாத" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "ஏன் நைனா?"

"நீ கம்பெனிக்குப் போயி இத்தையே பண்ணன்னு வெச்சிக்க. அங்க ஆயிரம் பேரு வேல செய்றாங்க. ஆயிரம் ஊட்ல அடுப்பு எரியாது. பாய் கடைன்னா பாயோட போச்சு." ஒரு வாய் சோற்றை எடுத்தார். "அவரு நல்ல மனுஷன். தாங்குவாரு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. நான் அவள் அழுகிறாள் என்று நினைத்தேன்.

இப்படித்தான் எனக்கு நான் விரும்பிய வேலை கிடைத்தது. திங்கட்கிழமை கடைக்குப் போனபோது, கீபோர்டில் பிளஸ் பட்டன் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. பாய் அதைப் பிடுங்கிக் குண்டூசி டப்பாவில் போட்டிருந்தார். "வேணும்னா கேளு, தரேன்" என்றார். அந்தக் கடையில் இருந்த வருஷங்களில் நான் கேட்கவேயில்லை.

என் பெயரை எத்தனையோ தடவை நன்றாக அறுத்து, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நைனா ஒட்டவிடவில்லை. கோபமெல்லாம் இல்லை. "அந்த எடத்துலதான் எனக்கு சிக்னல் தெரியுது" என்றார். உயரமான மனிதர், குட்டி யானையில் குனிந்துதான் உட்கார வேண்டும். மேல் விளிம்பில் என் பெயர் இல்லாதது அவருக்கு உண்மையிலேயே வசதியாக இருந்தது. தொழிற்பேட்டை கேட்டுகளில் அது ரேவதி வண்டி ஆயிற்று. அவர் ரேவதி அப்பா ஆனார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, வந்தவர் அதே தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவர். தினமும் வண்டியைப் பார்க்கிறவர். அவருடைய அம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வண்டில ஒரு பொண்ணு பேருதானே கீது? ஜாதகத்துல வேற பேரு போட்டுகீதே?"

நைனா எழுந்தார். இரு வீட்டாரையும் தெருவுக்கு அழைத்துப்போய், முன்கண்ணாடியின் இடது பக்கத்தைக் காட்டினார். "பெரியவ இங்க கீறா."

மாப்பிள்ளை அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். "நல்லா கீறாங்க" என்றார். நான் சம்மதித்ததற்கு அது ஒரு காரணம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எங்கே காலி இடம் இருந்தாலும் அது மகேஸ்வரிதான். சாப்பிட உட்காரும்போது ஓர் இலைக்கு ஆள் இல்லையென்றால் மகேஸ்வரி. போட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி இருந்தால் மகேஸ்வரி. நான் பக்கத்திலேயே நின்றாலும் இப்படித்தான்.

போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு. கம்ப்யூட்டர் வகுப்பில், படம் வரையும் மென்பொருளில் 'என் குடும்பம்' வரையச் சொல்லியிருக்கிறார்கள். மிஸ் கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில், படத்தை என் முன்னால் வைத்தார். தாத்தா இருந்தார். ஆயா, அப்பா, ரேவதி சித்தி எல்லாரும் இருந்தார்கள். இடது பக்கம், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு, சுத்தமாகக் காலி.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்றார்.

நான் ஆட்டோகேடிலிருந்து ஆரம்பித்தேன். பிளஸ் பட்டன், பிளேடு, சிறுவாபுரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மிஸ் ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். "புரியுது மேடம்" என்றார். புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சரி, குழந்தையையே கேட்டுவிடலாம் என்று வகுப்பிலிருந்து கூட்டிவரச் சொன்னார்.

"இதுல அம்மா எங்கடா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சமும் யோசிக்காமல் காலி இடத்தில் விரலை வைத்தாள். "இதோ."

"ஏன் அம்மாவை வரையல?"

என் மகள் மிஸ்ஸையும் என்னையும், இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள்.

"தாத்தாவுக்கு சிக்னல் தெரியணும்ல?"